சோன் டே: காலிச் சிறைக்குள் இறங்கிய படை

போர்க்கைதிகளை மீட்கப் போகிற படைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, கைதிகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்களா என்பது. துப்பாக்கி, ஹெலிகாப்டர், பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த முதல் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமலே ஒரு பெரிய ராணுவம் ஆறு மாதம் உழைத்த கதைதான் சோன் டே.

1970 நவம்பர் 21 அதிகாலை. வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேற்கே சுமார் 37 கிலோமீட்டரில் இருந்த சோன் டே சிறைமுகாமில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் 56 பேர் இறங்கினார்கள். காவலர்களை வீழ்த்தி, முகாமைப் பிடித்து, அறை அறையாகப் பூட்டை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு கைதிகூட இல்லை. 56 பேரும் உயிரோடு திரும்பினார்கள். மீட்கப்பட்டவர்களை ஏற்றிவர வேண்டிய ஹெலிகாப்டர்கள் காலியாக வந்தன.

இன்றுவரை ராணுவப் பள்ளிகளில் இந்தத் தாக்குதலை இரண்டு விதமாகச் சொல்லித் தருகிறார்கள். திட்டமிடலுக்கும் ஒத்திகைக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்பது ஒன்று. உளவுத் தகவல் எப்படிக் காலை வாரிவிடும் என்பதற்கு இதுவே உதாரணம் என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஒரே நிகழ்வில் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதும், மீட்கப்படாத கைதிகளே பிற்பாடு இந்தப் படையினருக்கு நன்றி சொன்னது ஏன் என்பதும்தான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

அந்த நேரத்துச் சூழல்

1964 ஆகஸ்டிலிருந்தே அமெரிக்க விமானிகள் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டு வந்தார்கள். போர் முறைப்படி அறிவிக்கப்படவில்லை; ஆகவே இவர்கள் போர்க்கைதிகள் அல்ல, போர்க் குற்றவாளிகள் என்பது ஹனோயின் நிலைப்பாடு. ஜெனீவா உடன்படிக்கை சொல்லும் பாதுகாப்பு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தனிமைச் சிறையும் சித்திரவதையும் வருடக்கணக்கில் நடந்தன. 1966-இல் தொலைக்காட்சிப் பேட்டிக்காக உட்கார வைக்கப்பட்ட ஜெரமையா டென்டன் என்ற கடற்படை அதிகாரி, வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டே கண் இமைகளை மோர்ஸ் குறியீட்டில் சிமிட்டி, 'சித்திரவதை' என்ற சொல்லை வெளியுலகத்துக்கு அனுப்பினார்.

1970 வாக்கில் கைதிகளின் மனைவிமார் வாய்மூடி இருக்கத் தயாராக இல்லை. பேசாமல் இருந்தால்தான் உங்கள் கணவருக்கு நல்லது என்று அரசு அதுவரை சொல்லிவந்தது. ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற கைதியின் மனைவி சிபில் ஸ்டாக்டேல் போன்றவர்கள் குடும்பங்களைத் திரட்டி அமைப்பாக்கி, பத்திரிகைகளிடம் போனார்கள். அதே ஆண்டு கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததும், அதை எதிர்த்துக் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த போராட்டத்தின்போது மாணவர்கள் 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாட்டையே பிளந்திருந்தன. போரைப் பற்றி எந்தக் கருத்து இருந்தாலும், கைதிகளைக் கொண்டுவர வேண்டும் என்பதில் மட்டும் அமெரிக்கர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதிபர் நிக்சனுக்கு அது தெரியும்.

1970 மே மாதம் விமானப்படையின் உளவுப் பிரிவு ஒன்று, சோன் டேயின் மேலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்து, இங்கே அமெரிக்கக் கைதிகள் இருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தது. கைதிகள் துணி உலர்த்தியிருந்த விதத்தில்கூட அடையாளக் குறிகள் இருந்ததாகப் படங்களைப் பார்த்தவர்கள் கருதினார்கள். முகாம் மிகச் சின்னது. சுற்றிலும் ஆள் உயர மதில், மூன்று காவல் கோபுரங்கள், ஒரு முற்றம், சில கட்டடங்கள். உள்ளே ஐம்பது பேருக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு அப்போது சரியாகத்தான் இருந்தது.

தகவல் பென்டகனில் பிரிகேடியர் ஜெனரல் டொனால்ட் பிளாக்பர்னிடம் போனது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானிடம் வீழ்ந்தபோது சரணடைய மறுத்து, மலைவாழ் மக்களோடு சேர்ந்து கெரில்லாப் படை நடத்தியவர் அவர். ஜூலை 10-ஆம் தேதி கூட்டுப் படைத் தலைமை, திட்டத்தை முன்னெடுக்க அவருக்கு அனுமதி கொடுத்தது.

ஜூலை 14-ஆம் தேதி வட வியட்நாம் சோன் டே கைதிகள் எல்லாரையும் கிழக்கே 24 கிலோமீட்டர் தள்ளியிருந்த டோங் ஹோய் என்ற வேறொரு முகாமுக்கு மாற்றிவிட்டது. பக்கத்து ஆறு பெருக்கெடுத்து முகாமை மிரட்டியது காரணம் என்று சொல்லப்படுகிறது. அனுமதிக்கும் இடமாற்றத்துக்கும் நடுவே நான்கு நாள்தான். அதாவது ஆள் தேர்வு, ஒத்திகை, விமான ஏற்பாடு என அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் காலியான ஒரு முகாமுக்காக நடந்தது.

ஒத்திகை

தளபதியாக விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் லீராய் மேனரும், தரைப்படைப் பிரிவை நடத்த கர்னல் ஆர்தர் சைமன்ஸும் நியமிக்கப்பட்டார்கள். சைமன்ஸுக்கு அப்போது 52 வயது. 'புல்' என்று பட்டப்பெயர். வடக் கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமில் வீரர்களைக் கூப்பிட்டு, ஆபத்தான ஒரு வேலை இருக்கிறது, எங்கே எதற்கு என்று சொல்ல முடியாது, கூடுதல் சம்பளமும் கிடையாது, வருகிறவர்கள் வரலாம் என்றார். ஐந்நூறு பேர் அளவுக்கு முன்வந்தார்கள். அவர்களில் நூறு பேரைப் பொறுக்கி எடுத்தார்.

பயிற்சி புளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில். மரச் சட்டங்களும் துணியும் கொண்டு சோன் டே முகாமை அதே அளவில் கட்டினார்கள். சோவியத் உளவு செயற்கைக்கோள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகப் பகலில் அதைப் பிரித்து வைத்துவிட்டு இரவில் மறுபடி கட்டியதாக அந்தக் காலத்து விவரிப்புகள் சொல்கின்றன. சிஐஏ ஒரு மேசை மாதிரியையும் செய்து கொடுத்தது. நிலவொளியில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் முகாம் எப்படித் தெரியும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 170 முறை ஒத்திகை நடந்தது. ஒவ்வொருவருக்கும் தன் வேலையோடு பக்கத்தில் இருப்பவரின் வேலையும் தெரிந்திருந்தது. ஏதாவது ஒரு ஹெலிகாப்டர் வராமல் போனால் மிச்சம் இருப்பவர்கள் எப்படிச் செயல்படுவது என்பதற்கும் தனித்தனித் திட்டங்கள் இருந்தன. இந்த ஒரு முன்யோசனைதான் கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது.

திட்டத்தின் மையம், கேட்கவே பயமாக இருக்கும் ஒரு யோசனை. மீட்புத் தாக்குதலில் எதிரி காவலர்களுக்குக் கிடைக்கிற ஒவ்வொரு விநாடியும் கைதிகளைக் கொல்லக் கிடைக்கிற விநாடி. மதிலை உடைத்து உள்ளே போவதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆகவே ஒரு ஹெலிகாப்டரையே மதிலுக்குள் இருக்கும் முற்றத்தில் மோதி இறக்கிவிடுவது, அது மறுபடி எழும்பாது, வேலை முடிந்ததும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வேறு ஹெலிகாப்டரில் திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். அதில் கேப்டன் ரிச்சர்ட் மெடோஸ் தலைமையில் 14 பேர் போவார்கள். சைமன்ஸோடு 22 பேரும், லெப்டினன்ட் கர்னல் எலியட் சிட்னர் தலைமையில் 20 பேரும் மதிலுக்கு வெளியே இறங்குவார்கள்.

முற்றத்துக்குள் அடங்கக்கூடிய அந்தச் சின்ன ஹெலிகாப்டர் வேகம் குறைந்தது. முன்னால் வழிகாட்டிப் போகும் சி-130 விமானமோ அவ்வளவு மெதுவாகப் பறந்தால் விழுந்துவிடும் நிலை. இதற்கு விமானிகள் கண்ட வழி, ஹெலிகாப்டரைப் பெரிய விமானத்தின் இறக்கைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் பறக்கவிட்டு, முன்னால் போகிற விமானம் காற்றைக் கிழித்து உண்டாக்கும் இழுவையில் அதைக் கூட்டிப் போவது. இரவில், விளக்கில்லாமல், மலைகளுக்கு நடுவே, மணிக்கணக்காக. போர் விமானங்களும் துணை விமானங்களுமாக மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்டவை அன்றிரவு வானத்தில் இருந்தன. கடற்படை, விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஹைபோங் துறைமுகப் பக்கம் விமானங்களை அனுப்பி, குண்டுக்குப் பதில் வெளிச்ச வாணங்களைப் போட்டு, வட வியட்நாமின் ராடார்களைக் கிழக்கே பார்க்க வைத்தது.

இத்தனைக்கும் நேரம் முக்கியம். பறப்பதற்கும் இறங்குவதற்கும் போதுமான, ஆனால் காட்டிக்கொடுத்துவிடாத அளவு நிலவொளி வேண்டும். அது அக்டோபரின் கடைசிப் பகுதியில் சில நாளும், நவம்பரின் கடைசிப் பகுதியில் சில நாளும்தான் கிடைக்கும். ராஜதந்திரக் காரணங்களுக்காக வெள்ளை மாளிகை அக்டோபரைத் தள்ளிப்போட்டது. நவம்பரில் பாட்சி என்ற புயல் வந்துகொண்டிருந்தது. அதனால் மேனர் ஒரு நாளை முன்னுக்கு இழுத்தார்.

படம் காட்டாதது

சோன் டேயின் மேல் கேமராக்கள் பறந்துகொண்டேதான் இருந்தன. மிக உயரத்தில் எஸ்ஆர்-71 விமானம் படம் எடுத்தது. தாழப் பறக்கும் ஆளில்லா விமானங்களை ஏழு முறை அனுப்பினார்கள். சில சுட்டு வீழ்த்தப்பட்டன, சில பழுதாகின. ஒன்று மட்டும் முகாமை நெருங்கிப் போனது. ஆனால் சரியாகப் படம் எடுக்க வேண்டிய கணத்தில் சாய்ந்து திரும்பியதால் மதிலுக்கு அப்பால் இருக்கும் வயல்வெளியும் அடிவானமும்தான் அதில் பதிந்தன. அதற்கு மேல் அனுப்பினால் எதிரிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று நிறுத்திவிட்டார்கள்.

வந்த படங்களில், முகாமில் நடமாட்டம் குறைந்துவிட்டது தெரிந்தது. அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம். மழைக்காலம், கைதிகளை வெளியே விடவில்லை, படம் எடுத்த நேரம் சரியில்லை. அப்புறம் அக்டோபரில் சில படங்களில் மறுபடி ஆள் நடமாட்டம் தெரிந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. அங்கே ஆள் இருந்தார்கள் என்பது படத்தில் தெரியும். அவர்கள் யார் என்பதை எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு நல்ல கேமராவில் எடுத்தாலும் படம் சொல்லாது.

தாக்குதலுக்குச் சில நாள் முன்னால், ஹனோயிலிருந்த ஒரு மனித மூலம் வழியாக, கைதிகள் டோங் ஹோயில் இருக்கிறார்கள், சோன் டேயில் இல்லை என்ற தகவல் வாஷிங்டனுக்கு வந்தது. பாதுகாப்புச் செயலர் மெல்வின் லேர்டும் கூட்டுப் படைத் தலைவர் அட்மிரல் தாமஸ் மூரரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் இதற்கு எதிரான அடையாளங்களும் கையில் இருந்தன. புதிய இடத்துக்குப் போக அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த நிலவை விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைதிகளில் மேலும் சிலர் இறந்துவிட்டதாக அந்த நவம்பரிலேயே ஹனோய் தரப்பிலிருந்து செய்தி வந்திருந்தது. போகலாம் என்று முடிவானது.

இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது பேர் உள்ளே இருக்கக்கூடும் என்று பாதி நம்பிக்கை இருந்தாலும், படையை நிறுத்திவைக்க எந்த மனிதனுக்கும் கை வராது. குறை அதற்கு முன்னால், ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவே இருக்கிறது. ரகசியம் காப்பதற்காக விஷயம் தெரிந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது, கேள்வி கேட்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைந்துபோனது. இறங்குவது எப்படி என்பதில் ஆயிரம் மூளைகள் வேலை செய்தன. யாருக்காக இறங்குகிறோமோ அவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்பதை விடாமல் துருவ அந்த அளவு ஆள் இல்லை.

சைமன்ஸின் பழைய பட்டாலியன், இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பு

இந்த இடத்தில் கபனாதுவான் கைதி முகாமின் மீட்பை நினைக்காமல் இருக்க முடியாது. சைமன்ஸ் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 6-ஆம் ரேஞ்சர் பட்டாலியன் என்ற அமெரிக்க அதிரடிப் பிரிவுதான் 1945 ஜனவரி 30-ஆம் தேதி பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் அந்த மீட்பை நடத்தியது. கபனாதுவான் முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 1942-இல் பத்தானிலும் கொரெகிடோரிலும் ஜப்பானியரிடம் சரணடைந்த அமெரிக்க வீரர்கள். 1944 டிசம்பர் 14-ஆம் தேதி பலவான் தீவில் ஜப்பானியக் காவலர்கள் சுமார் 150 அமெரிக்கக் கைதிகளைப் பதுங்கு குழிகளுக்குள் விரட்டி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். 11 பேர் தப்பினார்கள். அவர்கள் சொன்ன செய்தி அமெரிக்கப் படைக்கு வந்தபோது, முன்னேறும் படை நெருங்கினால் கபனாதுவானிலும் இதுவே நடக்கும் என்ற பயம் வந்தது.

அங்கே ஆயத்தத்துக்குக் கிடைத்தது சில நாட்கள். லெப்டினன்ட் கர்னல் ஹென்றி மியூசி தலைமையில் 121 ரேஞ்சர்கள் போர்முனையைத் தாண்டி சுமார் 50 கிலோமீட்டர் எதிரிப் பகுதிக்குள் நடந்தே போனார்கள். மாதிரி முகாமும் கிடையாது, 170 ஒத்திகையும் கிடையாது. அவர்களிடம் இருந்தது மனிதக் கண்கள். ஹுவான் பஹோத்தா, எதுவார்தோ ஹோசோன் என்ற பிலிப்பினோ கெரில்லாத் தளபதிகளின் ஆட்கள் அந்த மண்ணில் பிறந்தவர்கள். முகாமில் எத்தனை காவலர், பாலத்துக்கு அப்பால் எத்தனை படையினர், எந்த நேரத்தில் எந்தச் சாலையில் லாரி போகிறது என்பதெல்லாம் கிராமத்து மக்களுக்குத் தெரியும். முதலில் குறித்த நாளில் சாலையில் ஜப்பானியப் படை நடமாட்டம் அதிகம், இன்றைக்குப் போனால் தற்கொலை என்று பஹோத்தா வற்புறுத்தினார். மியூசி ஒரு நாள் தள்ளிவைத்தார். தாக்குதலன்று பகலில் அலமோ சாரணர் படையைச் சேர்ந்த இருவர் உள்ளூர் விவசாயிகள்போல் உடுத்திக்கொண்டு, முகாம் வாசலுக்கு எதிரே கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு குடிசையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் பார்த்து எழுதி அனுப்பினார்கள். ரேஞ்சர்கள் ஊர்ந்து போகத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த தகவலுக்கு வயது சில மணி நேரம்.

கிராமங்களில் நாய் குரைக்காமல் வாயைக் கட்டினார்கள். ஒரு அமெரிக்க விமானம் முகாமுக்கு மேலே வேண்டுமென்றே தள்ளாடிப் பறந்து காவலர்களை அண்ணாந்து பார்க்க வைத்தது. இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் குண்டு. அரை மணி நேரத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே. பலரால் நடக்க முடியவில்லை. கிராமத்தார் எருமை வண்டிகளைக் கொண்டுவந்தார்கள், வழியில் ஊருக்கு ஊர் வண்டி கூடிக் கடைசியில் நூறை எட்டியது. பாலத்தில் பஹோத்தாவின் ஆட்கள் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். ரேஞ்சர் படையில் படை மருத்துவர் உட்பட இருவர் இறந்தார்கள்.

அமெரிக்காவில் இது ரேஞ்சர்களின் வெற்றியாகவே நெடுங்காலம் சொல்லப்பட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கபனாதுவானை ஜெயிக்க வைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிலிப்பினோக்கள். தோற்றிருந்தால் பழிவாங்கலுக்கு ஆளாகியிருக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். மூன்று வாரம் கழித்து, 1945 பிப்ரவரி 23-ஆம் தேதி லோஸ் பன்யோஸ் முகாமில் காவலர்கள் காலை உடற்பயிற்சியில் இருந்த நேரம் பார்த்துப் பாராசூட் படை இறங்கி, அடைபட்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் குடிமக்களை மீட்டது. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஜப்பானியப் படை திரும்பி வந்து சுற்று வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் மக்களைக் கொன்றது. மீட்புக் கதைகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

தகவல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்தப் போரிலேயே உதாரணம் இருக்கிறது. 1945 மார்ச் கடைசியில் அமெரிக்க ஜெனரல் பேட்டன், தன் மருமகன் அடைபட்டிருந்த ஜெர்மனியின் ஹாமல்பர்க் முகாமுக்குச் சுமார் 300 பேரை டாங்கிகளோடு அனுப்பினார். முகாமை அடைந்துவிட்டார்கள். சில நூறு பேர் இருப்பார்கள் என்று போனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க அதிகாரிகள் இருந்தார்கள். ஏற்றிக்கொள்ள வண்டி இல்லை. திரும்பும் வழியில் ஜெர்மானியர்கள் வளைத்துக்கொள்ள, போன படையில் ஏறக்குறைய எல்லாருமே செத்தார்கள், அல்லது கைதிகளானார்கள்.

சோன் டேயில் கபனாதுவான் முறை நடக்காது என்பதும் உண்மை. வட வியட்நாமின் நடுவில் அமெரிக்கருக்கு உதவ ஒரு கிராமம் கிடையாது. அங்கே இருந்த மக்கள்மேல்தான் அமெரிக்கா குண்டு போட்டுக்கொண்டிருந்தது. தெற்கில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கேயும் போர் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மீட்பு முயற்சிகள் நடந்து, தென் வியட்நாமியர் சில நூறு பேர் மீட்கப்பட்டார்கள். எதிரி முகாமிலிருந்து இப்படி மீட்கப்பட்ட அமெரிக்கர் ஒரே ஒருவர். அவரும் காவலர்கள் ஏற்படுத்திய காயத்தால் சில நாட்களில் இறந்துபோனார். காட்டு முகாம்கள் அடிக்கடி இடம் மாறும். தகவல் வந்து, சரிபார்த்து, அனுமதி வாங்கி, படை போய்ச் சேர்வதற்குள் அடுப்புச் சாம்பல்தான் மிச்சம் இருக்கும்.

இருபத்தேழு நிமிடம்

தாய்லாந்திலிருந்து புறப்பட்டு லாவோஸ் வழியாக வந்த ஹெலிகாப்டர்கள், அதிகாலை இரண்டேகால் மணி அளவில் சோன் டேயை அடைந்தன. ஒன்று காவல் கோபுரங்களைச் சுட்டு வீழ்த்தியது. மெடோஸின் ஹெலிகாப்டர் முற்றத்தில் இறங்கும்போது எதிர்பார்த்ததைவிட உயரமாக வளர்ந்திருந்த மரங்களில் இறக்கை அடித்து, தரையில் மோதியது. ஒரு தீயணைப்பான் கழன்று விழுந்து ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. மெடோஸ் ஒலிபெருக்கியை எடுத்து, நாங்கள் அமெரிக்கர்கள், தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு நிமிடத்தில் உங்களிடம் வருவோம் என்று கூவினார். பதில் வரவில்லை.

இதற்கிடையில் சைமன்ஸ் ஏறிவந்த ஹெலிகாப்டர் அவரையும் 21 பேரையும் தவறான இடத்தில், தெற்கே சுமார் 400 மீட்டர் தள்ளி, வரைபடத்தில் 'மேல்நிலைப் பள்ளி' என்று குறிக்கப்பட்டிருந்த வளாகத்தில் இறக்கிவிட்டது. இருட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் இல்லை, ஆயுதம் வைத்திருந்த படையினர் இருந்தார்கள். கடும் சண்டை நடந்தது. அங்கே பல டஜன் பேரைக் கொன்றதாக அமெரிக்கத் தரப்பு சொன்னது. சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் திரும்பி வந்து சைமன்ஸைத் தூக்கிச் சரியான இடத்தில் சேர்த்தது. நடுவில் சிட்னரின் ஆட்கள், சைமன்ஸ் குழு வராவிட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த மாற்றுத் திட்டத்துக்கு ஒரே ஒரு ரேடியோ உத்தரவில் மாறிவிட்டார்கள். தளபதி காணாமல் போனதால் தாக்குதல் ஒரு கணமும் தடுமாறவில்லை.

கைதிகளுக்குச் சங்கேதப் பெயர் 'பொருட்கள்'. தேடி முடித்துவிட்டோம், பொருட்கள் ஏதும் இல்லை என்று மெடோஸ் ரேடியோவில் சொன்னார். மறுபடி தேடச் சொன்னார்கள். மறுபடியும் அதே பதில். முற்றத்தில் கிடந்த ஹெலிகாப்டருக்கு வெடி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். தரையில் இருந்தது சுமார் 27 நிமிடம். காலில் குண்டு பட்ட ஒருவரும், கணுக்கால் முறிந்தவரும்தான் காயமடைந்தவர்கள். வானத்தில் ஏவுகணைகள் துரத்தின. அதில் ஒரு விமானம் விழுந்தது, அதன் விமானிகள் இருவரையும் லாவோஸில் வைத்து ஹெலிகாப்டர் மீட்டது. அன்றிரவு நிஜமாகவே மீட்கப்பட்ட அமெரிக்கர்கள் அந்த இருவர்தான்.

வாஷிங்டனில் கேள்விகள் வந்தன. செனட் குழுவின் முன் லேர்ட், சிறைக் கூரைக்குள் ஊடுருவிப் பார்க்கிற கேமரா இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அது உண்மைதான். ஆனால் கேமராவால் முடியாது என்று தெரிந்தபின் வேறு எதை நம்பினீர்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஹனோயில் நடந்தது

டோங் ஹோயில் இருந்த கைதிகளுக்கு அன்றிரவு மேற்கே வெடிச்சத்தம் கேட்டது. ஏவுகணைகள் எழும்புவது தெரிந்தது. என்ன நடந்தது என்று சீக்கிரமே ஊகித்தார்கள். சில நாட்களில் வட வியட்நாம் தூரத்து முகாம்களை மூடிவிட்டு, கைதிகளைக் கூட்டமாக ஹனோய் நகரின் நடுவே இருந்த ஹோவா லோ சிறைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமியரை அடைக்கக் கட்டிய சிறை அது. இன்னொரு தாக்குதல் வந்தால் தலைநகரின் நடுவே யாரும் இறங்க முடியாது என்பது கணக்கு. ஆனால் அத்தனை பேருக்கும் அங்கே தனி அறை இல்லை. பெரிய கூடங்களில் நாற்பது, ஐம்பது பேராக அடைத்தார்கள்.

வருடக்கணக்காகச் சுவரைத் தட்டித் தட்டியே ஒருவரோடு ஒருவர் பேசியவர்கள், பெயரும் தட்டும் தாளமும் மட்டும் தெரிந்த நண்பர்களை முதன்முதலாக நேரில் பார்த்தார்கள். அந்த இடத்துக்கு அவர்களே 'ஒற்றுமை முகாம்' என்று பெயர் வைத்தார்கள். மூத்த அதிகாரிகள் தலைமையில் படைப்பிரிவு போன்ற அமைப்பு உருவானது. தெரிந்தவர் தெரியாதவருக்குக் கணிதமும் வரலாறும் மொழிகளும் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தது. 1971 பிப்ரவரியில், கூட்டு வழிபாடு நடத்தக்கூடாது என்ற தடையை மீறி வழிபாடு நடத்தினார்கள். அதற்காக மூத்தவர்களைக் காவலர்கள் இழுத்துப்போனபோது, மிச்சம் இருந்தவர்கள் சிறையே அதிரும்படி தேசிய கீதம் பாடினார்கள்.

1969 செப்டம்பரில் ஹோ சி மின் இறந்ததிலிருந்தே சித்திரவதை குறையத் தொடங்கியிருந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லா மாற்றத்தையும் சோன் டே மீது ஏற்றிச் சொல்வது சரியல்ல. ஆனால் தனிமை முடிவுக்கு வந்தது அந்த 27 நிமிடத்தால்தான். நம்மை மறந்துவிடவில்லை, ஹனோயின் வாசல்வரை வந்து தேடியிருக்கிறார்கள் என்ற செய்தி என்ன செய்தது என்பதைத் திரும்பி வந்த கைதிகள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் உடன்பாட்டுக்குப் பிறகு 1973 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 591 அமெரிக்கக் கைதிகள் விடுதலையாகி வீடு சேர்ந்தார்கள். அவ்வாண்டு தொழிலதிபர் ராஸ் பெரோட் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய விழாவில், சோன் டே கைதிகளும் சோன் டே போன வீரர்களும் முதல் முறையாகச் சந்தித்தார்கள்.

சோன் டேயின் பிழையை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர், காலி அறைகளைக் கண்ணால் பார்த்த மெடோஸ். 1980 ஏப்ரலில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகளாக இருந்தவர்களை மீட்கத் திட்டம் போட்டபோது, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவர், ஐரோப்பிய வணிகர் என்ற வேடத்தில் படைக்கு முன்னதாகவே அந்த நகரத்துக்குள் போனார். தூதரகத்தின் மதில், காவல், படையினரை மறைத்து வைக்க வேண்டிய கிடங்கு, லாரிகள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துச் செய்தி அனுப்பினார். இந்த முறை தகவல் சரியாக இருந்தது. ஹெலிகாப்டர்கள் பாலைவனத்துப் புழுதியில் பழுதாகி, திரும்புகிற நேரத்தில் ஒன்று விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்து, படை தெஹ்ரானை எட்டாமலே திரும்பியது. மெடோஸ் தன்னந்தனியாக, அதே வேடத்தில் ஈரானை விட்டு வெளியேறினார்.